குஞ்சுக்காக ஒரு பட்டப்படிப்பு

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் ஆய்வகத்துக்கு வந்து விசாரிக்கும் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. "டாக்டருக்கு வரலைங்க. பி.எஃப்.எஸ்சி. போடலாமா? வேலை கிடைக்குமா?" என்று மீன்வளப் பட்டப்படிப்பைப் பற்றிக் கேட்பார்கள். கிடைக்கும் என்பேன். ஆனால் அந்த வேலை எப்படி வந்தது, ஏன் பத்து வருஷத்துக்கு ஒரு முறை வேறு வேலையாக மாறுகிறது என்று சொல்லப் போனால் நூறு வருஷக் கதை ஆகிவிடும். அவர்களுக்கு அதைக் கேட்க நேரம் இருக்காது. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் சீர்காழிக்குக் கிழக்கே, கடலோரத்து ஊரில், நெல் விவசாயி வீட்டில் பிறந்தவள். 1988இல் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் சேர்ந்தேன். படிப்பு முடிந்ததும் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்த்தேன். பிறகு நோய் கண்டறியும் ஆய்வகத்துக்கு மாறினேன். இப்போது அப்படியொரு ஆய்வகத்தைச் சொந்தமாக நடத்துகிறேன். இத்தனை காலத்தில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். மீன் வளர்ப்பில் எல்லா வேலையும் குஞ்சிலிருந்து கிளைக்கிறது. குஞ்சு வரும் வழி மாறியபோதெல்லாம் படிப்பும் மாறியது, படித்தவர்களின் பிழைப்பும் மாறியது.

முன்பு நம் ஊர்க் குளங்களுக்குக் குஞ்சைக் கொண்டுவந்தது மழைதான். வாய்க்காலில் வெள்ளம் வரும்போது கெண்டையும் கெளுத்தியும் விராலும் ஏறி வந்து கண்மாயில் தங்கும். தங்கியது வளரும், கோடையில் நீர் வற்றும்போது பிடிபடும். அப்படி வளர்ந்த மீனுக்கும் அரசு வரி வாங்கியிருக்கிறது. கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று வருவது மீன்பிடி உரிமைக்குக் கட்டிய வரி. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் இன்றும் கண்மாய் ஏலத்தை மீன்பாசிக் குத்தகை என்றுதான் சொல்கிறார்கள். மீனைப் பிடிக்கவும் பங்கு போடவும் ஏலம் விடவும் நமக்கு நெடுங்காலமாகத் தெரியும். குஞ்சைத் தேடிப் போய்க் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் நாமே பொரிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் அரசாங்கத்தின் வழியாக வந்தது.

அந்த எண்ணத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் ஃபிரெடரிக் நிக்கல்சன். இந்தியக் கூட்டுறவுச் சங்க வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். 1890களில் விவசாயக் கடன் வங்கிகள் பற்றி மதராஸ் அரசுக்குப் பெரிய அறிக்கை எழுதியவர். அதே மனிதர் பிற்பாடு மீன்பக்கம் திரும்பினார். ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1907இல் மதராஸ் மாகாணத்துக்கென்று மீன்வளப் பணியகம் உண்டானது. உழவனின் கடனைப் பற்றி யோசித்தவர் மீனவனின் வயிற்றைப் பற்றியும் யோசித்தது எனக்கு எப்போதும் மதிப்புக்குரியதாகவே தோன்றியிருக்கிறது.

அந்தப் பணியகம் செய்த சோதனைகளில் ஒன்று எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்தது. கொள்ளிடத்தில் 1836இல் கட்டிய கீழணை, கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் உல்லம் மீனின் வழியை மறித்துவிட்டது. 1909 வாக்கில் அங்கே உல்லத்தைப் பிடித்து, பெண்மீனின் முட்டையையும் ஆண்மீனின் விந்தையும் பிழிந்து கலந்து, செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்துப் பார்த்தார்கள். நீலகிரியில் அவலாஞ்சியில் டிரவுட் மீனுக்குப் பொரிப்பகம் அமைந்ததும் அந்தக் காலத்தில்தான். 1911இல் கர்னூல் பக்கம் சுங்கேசுலாவில் மீன் பண்ணை வந்தது. 1916இல் ஜாவாவிலிருந்து கௌராமி வந்தது. இவற்றில் சில தங்கின, சில தங்கவில்லை. உல்லம் எந்தப் பண்ணைக்கும் வசப்படாமலே போய்விட்டது.

பின்னால் பல ஆண்டுகள் மீன்துறை அதிகாரி என்றால் விலங்கியல் படித்தவர். மீன் வளர்ப்புக்கென்று தனிப்பட்டம் கிடையாது. குஞ்சுக்கு வழியும் கிடையாது. கட்லாவும் ரோகுவும் காவிரியில் பிறந்த இனங்கள் அல்ல, நம் குளத்தில் நின்ற நீரில் அவை முட்டையிடுவதும் இல்லை. வங்காளத்து ஆறுகளில் வெள்ளக் காலத்தில் வடித்து எடுத்த குஞ்சுகள் கல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்தன. வந்து சேர்வதற்குள் செத்தது எவ்வளவு, பிழைத்ததில் உண்மையில் ரோகு எவ்வளவு, வேண்டாத மீன் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது அதிகாரிகளுக்குப் பெரிய வேலை. அந்தக் காலத்தில் துறையில் இருந்த ஒரு பெரியவர் எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தபோது, ஒரு சிட்டிகை குஞ்சை உள்ளங்கையில் விட்டு இனம் பிரித்துக் காட்டினார். நாங்கள் பூதக்கண்ணாடியில் தேடியதை அவர் வெறுங்கண்ணால் சொன்னார்.

1957 ஜூலை 10ஆம் தேதி இந்த நிலைமை மாறியது. ஒடிசாவில் அங்குல் என்ற இடத்தில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் கெண்டை மீனுக்குப் பிட்யூட்டரி ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆறும் வெள்ளமும் இல்லாமல், ஒரு தொட்டியில், நாம் குறித்த இரவில் மீன் முட்டையிடும் என்றானது. என்னைக் கேட்டால், இந்தியாவில் மீன் வளர்ப்பு தனிப் பட்டப்படிப்பாக வளர்ந்ததற்கு அந்த இரவுதான் காரணம் என்பேன். குஞ்சை மனிதக் கை உண்டாக்க முடியும் என்றான பிறகு, அந்தக் கைக்குப் பயிற்சி வேண்டியிருந்தது.

எங்கள் கைக்குக் கிடைத்த பயிற்சி சந்தையில் தொடங்கியது. விடியற்காலையில் மீன் அங்காடிக்குப் போய்ச் சினைக் கெண்டையின் தலைகளை மட்டும் கேட்டு வாங்குவோம். ஐஸில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுவந்து, மண்டையோட்டின் மேல்பகுதியைச் சீவி எடுத்து, கொழுப்பைப் பஞ்சால் ஒற்றி, மூளையை மெல்லப் புரட்டினால் அடியில் ஒரு குழிக்குள் சுரப்பி இருக்கும். மெல்லிய சவ்வு மூடியிருக்கும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, பாலாடை நிறம். இடுக்கியின் நுனி அழுந்தினால் கரைந்துவிடும். முழுசாக எடுத்துச் சுத்த ஆல்கஹாலில் போட்டு நிறுத்து வைப்போம். மழைக்காலம் வந்ததும் அதை நீர்விட்டு அரைத்து, தெளிவை ஊசியில் ஏற்றி, வால் பக்கத்தில் செதிலுக்கு அடியில் குத்துவோம். பெண்மீனுக்குச் சாயங்காலம் சிறிய அளவு, ஆறு மணி நேரம் கழித்துப் பெரிய அளவு. ஆணுக்கு அந்த இரண்டாவது வேளையில் ஒரே ஊசி. பிறகு துணியால் தைத்த ஹாப்பா என்ற அடைப்புக்குள் விட்டுவிட்டுக் கரையில் காத்திருப்போம். விடிவதற்கு முன் நீர் தளதளவென்று புரளும். ஹாப்பாவுக்குள் கையை விட்டால் ஜவ்வரிசி போல முட்டை விரலில் உருளும்.

பின்னாளில் ஓவாப்ரிம் என்ற மருந்து குப்பியில் வந்துவிட்டது. மண்டையோட்டைச் சீவும் வேலை மறைந்துவிட்டது. இப்போது படிக்கும் பிள்ளைகள் ஒரு ஊசியில் முடிக்கிறார்கள். ஆனால் மூளைக்கு அடியில் அந்தச் சுரப்பியைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு ஹார்மோன் என்பது வெறும் பாடமாக இருக்காது. செய்முறையில் ஒரு முறையாவது அதை எடுக்க வைக்க வேண்டும் என்று போகும் இடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

கல்லூரிகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1947இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, பிறகு மண்டபத்தில் அமைந்தது. 1952இல் இலங்கையிலிருந்து திலேப்பியா மண்டபத்துக்கு வந்தது. நம் மக்கள் ஜிலேபிக் கெண்டை என்று அழைத்த அந்த மீனுக்கு ஊசியும் வேண்டாம், ஹாப்பாவும் வேண்டாம். தானே பெருகி ஏரி குளமெல்லாம் பரவி, நாட்டு மீனை ஒடுக்கிவிட்டது. குஞ்சு தானாகக் கிடைப்பது எப்போதும் நன்மை இல்லை என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டியதில்லை. 1961இல் பம்பாயில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் வந்தது. அது முதலில் ஏற்கெனவே வேலையில் இருந்த அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. பள்ளி முடித்த பிள்ளை நேராகச் சேரக்கூடிய நான்காண்டுப் பட்டப்படிப்பு 1969இல் மங்களூரில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 1977இல் தூத்துக்குடியில் வந்தது, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக. நான் படித்துக்கொண்டிருந்தபோதே, 1989இல், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிரிந்தது, கல்லூரியும் அதற்குக் கை மாறியது. வேளாண்மைக்குப் பிள்ளையாக வந்து கால்நடைக்குப் பிள்ளையாகி, 2012இல்தான் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் சொந்த வீடு கண்டது இந்தப் படிப்பு.

தூத்துக்குடியில் வைத்தது பொருத்தம். முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் நடந்த ஊர். 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் அங்கே கடைசியாக நடந்த பெரிய முத்துக்குளிப்பு. அதற்குப் பிறகு கடலடி முத்துப்பார்களில் சிப்பி போதவில்லை. 1973இல் ஊருக்கு வடக்கே வேப்பலோடையில், அழகர்சாமி தலைமையில், கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்து விளைவித்தார்கள். நாங்கள் சேர்ந்தபோது அதெல்லாம் பக்கத்து ஊர்க் கதை. எங்களோடு படித்த பரதவர் வீட்டுப் பையன் ஒருவனின் தாத்தா முத்துக்குளித்தவர். அவர் கையில் சிப்பி அறுத்த வடுவைக் காட்டி, "ஆழத்துல போயி எடுத்தத நீங்க கரையில வளக்கப் போறியளாக்கும்" என்று எங்களை விசாரித்தது நினைவிருக்கிறது.

எங்கள் பாடத்திட்டம் கெண்டையை நடுவில் வைத்திருந்தது. மீன் வளர்ப்பு, மீன் உயிரியல், பதப்படுத்துதல், நீரியல், விரிவாக்கம், படகும் வலையும் சார்ந்த பொறியியல் எல்லாம் உண்டு. படித்து முடித்தால் மீன்வள ஆய்வாளர் ஆகலாம், பரீட்சை எழுதி உதவி இயக்குநர் ஆகலாம், வங்கியில் வேளாண் அலுவலர் ஆகலாம், கொச்சியில் 1972இல் தொடங்கிய கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தில் சேரலாம், மேலே படித்து விஞ்ஞானி ஆகலாம். இதுதான் சீனியர்கள் சொன்ன வரிசை. எல்லாமே அரசு வேலை. நாங்கள் வெளியே வந்தபோது வாசலில் நின்றது வேறு ஆள். அவர் பெயர் இறால்.

1991க்குப் பிறகு ஏற்றுமதிக்கு வழி திறந்ததும் சோழமண்டலக் கரையும் நெல்லூர்க் கரையும் வரி இறால் குளங்களாக மாறின. குளத்துக்குக் குஞ்சு வேண்டும். அதற்காக மரக்காணம், கூனிமேடு பக்கம் கடற்கரை நெடுகப் பொரிப்பகங்கள் எழுந்தன. பட்டம் பெற்றவர்களை டெக்னீஷியன் என்று வீடு தேடி வந்து அழைத்துப் போனார்கள். நானும் அப்படித்தான் போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ராத்திரி வேலை என்பதால் பெண்ணைச் சேர்க்கலாமா என்று தயங்கிப் பிறகு சேர்த்தார்கள், ஆண்களைவிடக் குறைந்த சம்பளத்தில்.

பொரிப்பகத்தில் எல்லாம் தாய் இறாலில் தொடங்கும். விசைப்படகுக்காரர்கள் சினை பிடித்த பெண் இறாலை உயிரோடு கொண்டுவந்தால் ஏலத்தில் நகை விலைக்குப் போகும். இறாலின் கண்தண்டில் சினைமுட்டை வளர்வதைத் தடுக்கும் ஹார்மோன் சுரக்கிறது. அதனால் ஒரு கண்ணின் தண்டைச் சூடான இடுக்கியால் நசுக்கிவிடுவார்கள். சில நாளில் சினை முதிரும். நானும் செய்திருக்கிறேன். ஒரு நாளும் மனம் ஒப்பிச் செய்ததில்லை. கண்ணை நசுக்காமலே முட்டையிட வைக்கும் வழியில் இப்போது ஆராய்ச்சி நடக்கிறது, வெளிநாட்டில் வாங்குபவர்களில் சிலர் அதைக் கேட்கவும் தொடங்கியிருக்கிறார்கள். வர வேண்டிய மாற்றம்.

ராத்திரியில் முட்டையிடும். லட்சக்கணக்கில். மறுநாள் பொரிந்தால் நாப்ளியஸ். அதற்கு வாய் வேலை இல்லை, தன் கருவுணவில் ஒன்றரை, இரண்டு நாள் ஓட்டும். வெளிச்சத்தைத் தேடி வரும் என்பதால் விளக்கு வைத்து மேலே வரவழைத்து அள்ளுவோம். அடுத்து ஸோயியா. அங்கேதான் சோதனை. அதற்கு நுண்பாசி வேண்டும். குடுவையில் தொடங்கிப் பெரிய தொட்டி வரை பாசியைத் தனியே வளர்த்து வைத்திருக்க வேண்டும். பாசி ஒரு வேளை தவறினாலும் ஸோயியா விழுந்துவிடும். நள்ளிரவில் பீக்கரில் மொண்டு டார்ச் அடித்துப் பார்ப்போம். ஒவ்வொன்றின் பின்னாலும் நூலிழைபோல மலம் நீளமாகத் தொங்கினால் தின்கிறது என்று அர்த்தம். நூல் அறுந்திருந்தால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது. பிறகு மைசிஸ், அது தலைகீழாக நின்று பின்பக்கமாகத் துள்ளும். அதற்கு ஆர்டீமியா என்ற சிற்றுயிரைப் பொரித்துப் போடுவோம். ஒரு காலையில் பார்த்தால் எல்லாம் முன்பக்கமாக நேரே நீந்தும். அதுதான் பி.எல். (போஸ்ட் லார்வா) என்ற குஞ்சு. இந்த ஒரு காட்சிக்காகவே அந்த வேலையை விரும்பினேன். ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில், தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் வைத்து லாரி ஏறும் வரை அதன் பொறுப்பு எங்களுடையது.

லாரி போன இடங்களில் ஒன்று எங்கள் ஊர். நெல் வயல்களைக் குத்தகைக்கும் கிரயத்துக்கும் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அப்பாவிடமும் வந்தார்கள். அவர் என்னிடம் கேட்டார்: "நீ படிச்சவ, சொல்லும்மா. உப்புத்தண்ணி நின்ன மண்ணு திரும்ப நெல்லுக்கு வருமா?" எங்கள் பாடத்தில் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்பது இருந்தது. பக்கத்து வயலுக்கு உப்பு எப்படி ஊறும், கைபம்பில் குடிநீர் என்ன ஆகும், குளத்துக் கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கு அன்றைக்குப் பாடத்தில் இடம் குறைவு. அப்பா நிலத்தைக் கொடுக்கவில்லை. கொடுத்த நிலங்களுக்கு அடுத்த தெருவில் தண்ணீர் கரித்தது உண்மை. கூலி வேலை போன பெண்கள் நடவுக்கு வேறு ஊர் தேடிப் போனதும் உண்மை.

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இதற்காகத்தான். கீழத் தஞ்சையில் நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாளும் அதே நிலம் உப்பாவதைப் பொறுக்கவில்லை. 1996 டிசம்பர் 11ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பாரம்பரிய முறைப் பண்ணைகளைத் தவிர்த்து, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும், வேலை இழக்கும் தொழிலாளருக்கு ஆறு ஆண்டுக் கூலி இழப்பீடாகத் தர வேண்டும், விவசாய நிலத்தையும் உப்பளத்தையும் சதுப்புக் காட்டையும் பண்ணையாக மாற்றக் கூடாது, கண்காணிக்க ஓர் ஆணையம் வேண்டும். எங்களில் பலர் வேலை போய்விடும் என்று பதறினார்கள். அந்தத் தீர்ப்பு தேவைப்பட்டது என்றே நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். மறுஆய்வு மனுக்களில் வழக்கு இழுபட்டது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவும் தூரக் கணக்கும் கழிவுநீர் விதியும் கட்டாயமாயின. அந்தச் சட்டம் இப்போது பட்டப்படிப்பில் பாடம். எங்கள் அப்பா கேட்ட கேள்விக்குப் பரீட்சையில் விடை எழுத வேண்டியிருக்கிறது.

நீதிமன்றத்துக்கு முன்பே வைரஸ் தீர்ப்பு எழுதத் தொடங்கியிருந்தது. 1994இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. காலையில் வரப்பில் காக்கை உட்கார்ந்தால் பண்ணைக்காரருக்கு வயிறு கலங்கும். நோய்ப்பட்ட இறால் ஓரத்துக்கு ஒதுங்கும், காக்கை கொத்திக்கொண்டு போய் அடுத்த குளத்தில் போடும். ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளை வட்டங்கள் தெரியும். மூன்றாம் நாளிலிருந்து குளமே காலி. மருந்து இல்லை, இன்றைக்கும் இல்லை. நகையை அடகு வைத்துக் குளம் வெட்டியவர்கள், நன்றாக இருந்த பாதியையாவது எடுத்துவிடலாம் என்று ராத்திரியோடு ராத்திரியாக வலை இழுத்ததை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன்.

தாய் இறாலிலிருந்தே குஞ்சுக்கு வைரஸ் இறங்குகிறது என்று தெரிந்தபோது எங்கள் தொழிலில் புதிய வேலை ஒன்று பிறந்தது. தாயையும் குஞ்சையும் பி.சி.ஆர். சோதனை செய்யாமல் விடக் கூடாது. ஏற்றுமதி ஆணையம் ஆய்வகங்களுக்கு உதவி கொடுத்தது. சென்னையில் 1987இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் சோதனை முறைகளை வகுத்துக் கொடுத்தது. நான் பொரிப்பகத்தை விட்டு இதற்கு வந்தேன். தாய் இறாலின் நீச்சல் காலில் நகக்கண் அளவு நறுக்கி, அரைத்து, டி.என்.ஏ. பிரித்து, கருவியில் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டு, புற ஊதா ஒளியில் பார்க்க வேண்டும். குறித்த இடத்தில் ஒரு பட்டை ஒளிர்ந்தால் அந்தத் தாய் வேண்டாம். வெளியே பெஞ்சில் பண்ணைக்காரர் உட்கார்ந்திருப்பார். "மேடம், லைட்டாத்தானே இருக்கு, எடுத்துக்கலாமா?" என்பார். பையில் குஞ்சு உயிரோடு துள்ளிக்கொண்டிருக்கும். எடுக்காதீங்க அண்ணே என்று சொல்வது இந்தப் படிப்பு எனக்குக் கொடுத்த வேலைகளிலேயே கடினமானது. அதற்குத்தான் படித்தேன் என்றும் தோன்றும்.

இந்த வேலையில் பெண்கள் நிறைய வந்தார்கள். 2002 வாக்கில் ஐரோப்பாவில் இறாலில் ஆன்டிபயாடிக் எச்சம் கண்டுபிடித்துச் சரக்கைத் திருப்பியபோது, எச்சம் பார்க்கும் ஆய்வகங்கள் பெருகின. அங்கேயும் எங்கள் பெண்கள்தான். இதற்கிடையில் 2004 சுனாமி கரையோரப் பொரிப்பகங்களின் குழாயையும் தொட்டியையும் அடித்துக்கொண்டு போனது, மீண்டும் கட்டினார்கள்.

2009இல் வனாமி வந்தது. லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரை இறால். அதன் தாய் நம் கடலில் கிடையாது. ஹவாய் போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாக நோயில்லாமல் வளர்த்த தாய்கள் விமானத்தில் வந்து, நீலாங்கரையில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் தனிமைப்படுத்தும் கூடத்தில் தங்கி, சோதனை முடிந்த பிறகே பொரிப்பகத்துக்குப் போகும். இங்கேயும் குஞ்சு வரும் வழி மாறியதும் வேலைகள் மாறின. படகில் வந்த தாயை நம்பியிருந்த டெக்னீஷியன், நண்டு வேலியும் பறவைக் கயிறும் கட்டும் உயிர்ப்பாதுகாப்பு ஆளானார். தீவன நிறுவனங்கள் கிராமத்துக்கு ஒருவர் என்று கள அலுவலர்களைப் போட்டன. 2023-24இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவு சுமார் 17.8 லட்சம் டன், மதிப்பு ஏறத்தாழ 60,500 கோடி ரூபாய். அந்த மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு உறைய வைத்த இறால். அந்தப் பணத்துக்குப் பின்னால் பைக்கில் பண்ணை பண்ணையாகப் போய், செக் ட்ரே என்ற தீவனத் தட்டைத் தூக்கி இறாலின் குடலைப் பார்த்து, வீச்சு வலை வீசி எடை போட்டு, கிலோவுக்கு எத்தனை என்று கவுண்ட் சொல்லும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். செங்கடல் கரையில் அல் லித் பக்கத்துச் சவுதிப் பண்ணைகளிலும் இருக்கிறார்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். அரசு ஆய்வாளர் வேலை இன்றும் இருக்கிறது, இடம் குறைவு. வங்கி வேளாண் அலுவலர் தேர்வை மீன்வளப் பட்டதாரியும் எழுதலாம். முதுகலை, முனைவர் பட்டம் முடித்தால் மத்திய ஆராய்ச்சி நிலையங்கள். மண்டபத்தில் கடல்விரால் குஞ்சு பொரிக்க வைத்து, மிதவைக் கூண்டில் வளர்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், கொடுவாவுக்கும் அப்படியே. மீனவர் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் தனி ஒதுக்கீடு உண்டு. அவர்கள் அதிகமாக வர வேண்டும். காற்றும் நீரோட்டமும் தெரிந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளை கூண்டைக் கடலில் எங்கே நிறுத்துவது என்று பாதி படிப்பு முடித்தே வருகிறது. பட்டம் இல்லாமலும் தொழில் செய்ய முடியும் என்பதற்குச் சென்னை கொளத்தூர் சாட்சி. வீட்டுத் தொட்டியில் ஏஞ்சலும் கப்பியும் பொரித்து நாடு முழுக்க அனுப்பும் குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளச் சொல்லித்தான் மாணவர்களை அனுப்புகிறேன்.

ஆனால் எந்த வேலையைத் தேர்ந்தாலும் ராத்திரி விழிக்க வேண்டியிருக்கும், விடியற்காலை நீரில் ஆக்சிஜன் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் பெற்றோரிடம் மறைப்பதில்லை. இப்போது எங்களைத் தூங்க விடாமல் செய்வது ஈ.எச்.பி. என்ற நுண்கிருமி. அது இறாலைக் கொல்லாது, வளர விடாது. தீவனம் மட்டும் கரையும். சோதனைக்கு வரும் குஞ்சில் அதைத்தான் முதலில் பார்க்கிறோம்.

இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. வனாமித் தாய்க்கு இன்னும் விமானத்தை நம்பித்தான் இருக்கிறோம். நம் கடலிலேயே வெள்ளை இறால் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, பண்ணையில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, வேகமாக வளரும், நோய் தாங்கும் தாய்களை இங்கேயே உண்டாக்கும் திட்டம் சென்னை உவர்நீர் நிலையத்தில் 2020களில் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் குடும்பம் குடும்பமாகக் குறியிட்டு, எடை போட்டு, அடுத்த தலைமுறைக்கு யார் என்று பிரிக்க வேண்டும். பல ஆண்டு வேலை. என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்பிள்ளை ஒருத்தி அப்படியொரு வேலையில் சேர விரும்பி முதுகலையில் மரபியல் எடுத்திருக்கிறாள். போன வாரம் போனில் பேசியபோது, ஸோயியா கட்டத்தில் ஒரு தொட்டி முழுக்க விழுந்துவிட்டது என்றாள். பாசி எத்தனை மணிக்குக் கொடுத்தாய், நூல் எப்போது அறுந்தது என்று கேட்டேன். எழுதி வைத்திருந்தாள், மணி மணியாக.